மனுவின் முதல் வரிக்கு வந்த போட்டி

நான் ஓட்டுப் போட்ட ஆள் இதுவரை ஒரு தடவைகூட எம்.பி. ஆனதில்லை. எங்கள் ஊர் திண்டிவனம் தொகுதியில் இருந்தபோதும் ஆகவில்லை, அப்புறம் ஆரணித் தொகுதியில் சேர்த்த பிறகும் ஆகவில்லை. மாவட்டம் விழுப்புரம், எம்.பி. மட்டும் ஆரணிக்கு எப்படி என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். அது கிடக்கட்டும்.

இப்போதெல்லாம் பட்டனை அழுத்திவிட்டு, போட்ட சின்னம் சீட்டில் தெரிகிற அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "போதும்மா, நகருங்க" என்று சொன்ன பிறகுதான் நகருவேன். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போது, சரியான பட்டனைத்தான் அழுத்தினோமா என்று ஆரம்பித்துவிடும். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஆனால் ஓட்டை அப்படித் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது.

என் கை ராசியில்லாத கை என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. நான் போடுவதோ ஒரு சின்னக் கட்சிக்கு. ஒரு தேர்தலில், எனக்குப் பிடிக்காத கட்சிக்கே போட்டுவிட்டால் என்ன, என் கை பட்டால் அதுதானே தோற்கும் என்றுகூட யோசித்தேன். வரிசையில் பாதி தூரம் போனதும் பயம் வந்துவிட்டது. தப்பித்தவறி அது ஜெயித்துவிட்டால்? பழையபடி சின்னக் கட்சிக்கே போட்டுவிட்டு வந்தேன். அது பழையபடி தோற்றது.

செஞ்சி மார்க்கெட்டில் காய் விற்கிறேன். எடை போடுவது கிடையாது, எல்லாம் கூறுதான். சாக்கை விரித்து, தண்ணீர் தெளித்து, காய்களைச் சின்னச் சின்னக் குவியலாக வைத்துவிட்டு உட்கார வேண்டும். என்னிடம் அதிகம் போவது சாம்பார் கூறு. இரண்டு கத்திரிக்காய், ஒரு முருங்கைக்காய், நாலைந்து வெண்டைக்காய், மூன்று தக்காளி, ஒரு மாங்காய்த் துண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக் குழம்புக்கு அது போதும். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். இந்தக் கூறு வைக்கிற கணக்கு மட்டும் யாரும் சொல்லித்தராமல் வந்தது.

போன எம்.பி. தேர்தல் முடிவு வந்த வாரம். ட்யூஷன் எடுக்கிற டீச்சர் ஒருவர் என்னிடம் வழக்கமாகக் காய் வாங்குவார். முப்பது வயதுதான் இருக்கும். கூறைப் பையில் கொட்டிக்கொண்டே, "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது?" என்றார்.

"நான் போட்ட ஆளு இந்த வாட்டியும் தோத்துட்டாரு. என் கையே அப்படி."

டீச்சர் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே குந்திக்கொண்டார்.

"கை ராசி ஒண்ணும் இல்லக்கா. எண்ணுற முறை அப்படி. இப்ப பாருங்க, பத்து பேர் ஓட்டுப் போடுறாங்க. நாலு பேருக்குத் தக்காளி வேணும், மூணு பேருக்குக் கத்திரிக்கா, ரெண்டு பேருக்கு வெண்டக்கா. ஒருத்தருக்கு முருங்கக்கா, அது நீங்க. யார் ஜெயிப்பா?"

"தக்காளி."

"மீதி ஆறு பேரு?"

நான் என் சாக்கைப் பார்த்தேன். பத்துப் பேரில் ஆறு பேர் கேட்காததுதான் ஜெயிக்கிறது. இது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. ஊரே ஒருத்தரை ஜெயிக்க வைத்துவிட்டது, நான் மட்டும் தனியாக நிற்கிறேன் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாத் தொகுதியிலயும் இப்படியே நடந்தா, டெல்லி சபை முழுக்கத் தக்காளிதான் உக்காந்திருக்கும். நாட்டுல பாதிப் பேருகூட அதக் கேக்கல. யார் எவ்வளவு ஓட்டு வாங்கினாங்களோ அந்த அளவுக்கு சீட்டு குடுத்தா? பத்து சீட்டுல நாலு தக்காளி, மூணு கத்திரி, ரெண்டு வெண்டை, ஒரு முருங்கை."

"அது கூறுதானே டீச்சர்?"

"கூறுதான்க்கா. அதுக்குப் பேரு விகிதாசாரப் பிரதிநிதித்துவம்."

அவர் பேசும்போது எனக்கு எல்லாம் புரிந்தது. அவர் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனதும் பாதி போய்விட்டது. கூறில் முருங்கைக்காய் ஒன்றுதானே, அது எந்த ஊர் முருங்கைக்காய், எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் நான் யாரிடம் போய் நிற்பது என்றெல்லாம் சந்தேகம் வந்தது. ஆனால் அந்த ஆறு பேர் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அந்த ஆறு பேரும் என்னைப் போலவே வீட்டில் உட்கார்ந்து, தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள் போல இருந்தது.

மறுவாரம் டீச்சர் ஒரு தாள் கொண்டுவந்தார். அவரும் இன்னும் சில பேரும் சேர்ந்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பப் போகிறார்களாம், ஓட்டின் அளவுக்கு சீட்டு தரும் முறையைக் கொண்டுவரச் சொல்லி. மேலே எட்டு வரி எழுத்து, கீழே முப்பது கோடு. "மார்க்கெட்டுல கையெழுத்து வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டார்.

"நானா? நான் ஏழாவதுதான் டீச்சர்."

"படிச்சுப் பாருங்க. சரின்னு பட்டா வாங்குங்க."

படித்தேன். மறுபடி படித்தேன். அந்தப் பெரிய வார்த்தையை வெண்டைக்காய் வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் எழுதிவைத்து, ஆள் இல்லாத நேரத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா, டெல்லிக்குக் காய் அனுப்பப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். யாராவது கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் பயம். முதலில் வெங்காயக் கடைக்காரரிடம் போனேன். "அண்ணே, ஒரு மனு..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் பேனாவைப் பிடுங்கி முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். "இது ஓட்டு விஷயமா..." என்றேன். "சரி சரி, போட்டாச்சு" என்றார்.

அவ்வளவுதான். அதைப் பார்த்த தேங்காய்க்காரர் கடையை விட்டு ஓடிவந்தார். வாழை இலைக்காரர் வந்தார். பூ கட்டுகிற இரண்டு பேர், கையில் பாதி கட்டிய சரத்தோடு வந்து நின்றார்கள். ஒருவர் தனக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று என்று இரண்டு கோட்டைப் பிடித்துக்கொண்டார். நான் கூறை வைத்து விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தேன். பத்துப் பேர், நாலு தக்காளி, ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். "எங்க போடணும்? இங்கயா?" என்பதுதான் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி.

கீரை விற்கிற பெண் மட்டும் சண்டைக்கு வந்தாள். சிங்கவரத்திலிருந்து தினமும் கூடையோடு பஸ்ஸில் வருகிறவள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது.

"எல்லாருகிட்டயும் வாங்கிட்டுக் கடைசியில எங்கிட்ட வர்ற. ஏன், நான் மனுஷி இல்லையா?"

"நீ கடைசியில உக்காந்திருக்க, அதனால கடைசியில வந்தேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று முறைத்துவிட்டு, இருபத்தெட்டாவது கோட்டில் பேரை எழுதினாள். ஏன் முறைத்தாள் என்று எனக்குப் புரியவில்லை.

பத்து மணிக்குள் தாள் நிரம்பிவிட்டது. இரண்டு பேர் விளிம்பில்கூட எழுதியிருந்தார்கள். என் கூறுகளை ஒரு குரங்கு கலைத்துவிட்டு ஒரு தக்காளியோடு போனதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரு பேச்சை இத்தனை பேர் கேட்டது அன்றுதான். இவர்களும் என்னைப் போலத்தான் இத்தனை நாளாக உள்ளுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் கீரைக்காரி என்னிடம் வந்தாள். நேற்றைய முறைப்பு இல்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "யக்கா, என் பேர மேல ஏத்தி எழுது. நாலாவது, அஞ்சாவது ஆனாகூடப் போதும்" என்றாள்.

"மேல ஏத்தினா இன்னா, கீழ இருந்தா இன்னா?"

"தெரியாத மாதிரி கேக்குற பாரு! போன வாட்டி மூணாவது கையெழுத்து உங்க வீட்டுக்காரருதானே?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே சொன்னாள்.

சில வருடத்துக்கு முன்னால் கால்வாய் வேலைக்காக மார்க்கெட்டை இடம் மாற்றினார்கள். எங்களை எடுக்கக் கூடாது என்று எல்லோரும் ஒரு மனு கொடுத்தார்கள். மனுவினால் ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் புது இடத்தில் யார் எங்கே உட்காருவது என்று அடிதடி வந்தபோது, கடைக்காரர்களிடம் சுங்கம் வசூலிக்கிற குத்தகைக்காரர் அந்த மனுவின் நகலைக் கையில் எடுத்து, கையெழுத்து வரிசைப்படியே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். முதலில் போட்டவருக்கு வாசல், கடைசியில் போட்டவருக்குச் சாக்கடை ஓரம். அன்று கீரைக்காரி வந்த பஸ் தாமதம். அவள் கையெழுத்து அடியிலிருந்து இரண்டாவது. அன்றிலிருந்து மூக்கை மூடிக்கொண்டு வருகிறவர்கள்தான் அவளுக்கு வாடிக்கை.

எனக்கு அப்போது டைபாய்டு. மூன்று வாரம் படுத்துக் கிடந்தேன். கடையைப் பார்த்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர். எழுந்து வந்து பார்த்தபோது வேப்பமர நிழலில், குழாய்க்குப் பக்கத்தில், வாசலிலிருந்து மூன்றாவதாக என் சாக்கு விரிந்திருந்தது. அவர் சாமர்த்தியமாகப் பேசி வாங்கிய இடம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். மூன்றாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டதுதான் அந்தச் சாமர்த்தியம்.

"இப்ப மறுபடி ரோட்டை அகலம் பண்றாங்க, மார்க்கெட்ட எடுக்கப் போறாங்கன்னு பேச்சு இருக்குதில்ல? இந்த வாட்டியும் கடைசின்னா நான் எங்கக்கா போவேன்? கீரை வெயில்ல ஒரு மணி நேரம் தாங்குமா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. வெங்காயக்காரர் பேனாவைப் பிடுங்கியதும், மருமகளுக்கு ஒரு கோடு பிடித்ததும், யாருமே கேள்வி கேட்காததும். எங்கள் மார்க்கெட்டில் மனு என்று ஒரு தாள் வந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எத்தனையாவது கோடு என்றுதான் பார்க்கிறார்கள். கையெழுத்துப் போட்ட ஒருவரும் விகிதாசாரத்துக்காகப் போடவில்லை.

அவளிடம் அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தாளை வாங்க வருவார். அப்படியே கொடுத்துவிட்டால் அது பொய்யான தாள். சொல்லிவிட்டால், ஏமாற்றிவிட்டேன் என்று மார்க்கெட்டே என்மேல் பாயும். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"போட்டது போட்டாச்சு. டெல்லியிலேருந்து எவன் வந்து கேக்கப் போறான்? சும்மா டென்ஷன் ஆவாத."

"அவங்க கடைக்குன்னு நெனச்சுப் போட்டுட்டாங்க."

"எலக்ஷன்ல மட்டும் எல்லாரும் நெனச்சுத்தான் போடுறாங்களா? மச்சான் சொன்னான்னு போடுறான், சின்னம் அழகா இருக்குதுன்னு போடுறான். அத எண்ணுறாங்க இல்ல?"

அவர் சொன்னது நியாயம் மாதிரியும் இருந்தது, அநியாயம் மாதிரியும் இருந்தது. டீச்சருக்குப் போன் பண்ணினேன். முழுக்கக் கேட்டார். அப்புறம், "இந்தப் பக்கத்துலேருந்து வந்த ஒரே தாள் உங்களுதுதான்க்கா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "ஆனா தெரியாம போட்ட கையெழுத்த வெச்சு நான் இன்னா பண்றது? நீங்க செய்யறத செய்யுங்க" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து போனேன்.

வெங்காயக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எம்.பி. சீட்டுக்கா? நான் கடைக்குன்னு இல்ல பாஞ்சு போட்டேன்! பேர அடி, அடிச்சுடு. ஏற்கெனவே ஒரு கேஸ் அலைஞ்சுட்டிருக்கேன், எனக்கு எதுக்கு டெல்லி வம்பு?" அவர் பேரை அவரே அடித்தார். தேங்காய்க்காரர், "இருந்துட்டுப் போவட்டும்மா, கையெழுத்துதானே" என்றார். இருந்துவிட்டுப் போகட்டும் என்பதை எந்தக் கணக்கில் எடுப்பது என்று தெரியாமல், மறுபடி விளக்கினேன். "நான் போட்டவரும் ஜெயிச்சதே இல்ல. அப்ப இருக்கட்டும்" என்றார். அவரும் ஆறு பேரில் ஒருவர் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பூக்கார அம்மா ஒருவர் என்னைத் திட்டினார்: "ரெண்டு முழம் பூவ அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேனே, பாவி!" அவரும் அடித்தார். இரண்டு கோட்டைப் பிடித்தவர், மருமகளுடையதை மட்டும் அடித்துவிட்டு, தன்னுடையதை வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இன்னாமோ, ஒண்ணாவது இருக்கட்டும்" என்றார்.

கீரைக்காரியிடம் போகும்போது வெயில் ஏறியிருந்தது. சாக்கடை ஓரத்தில் ஈரத்துணியைக் கீரைமேல் போட்டு உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. முகம்தான் வாடிப்போய்விட்டது.

"அப்போ இது மார்க்கெட்டு மனு இல்லையா?"

"இல்ல."

"நாலு நாளா இதயே நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். அப்புறம், "சரி, இன்னாதான் அது? சொல்லு கேக்கறேன்" என்றாள்.

கூறை வைத்துச் சொன்னேன். அந்தத் தாளைப் பற்றி உண்மையிலேயே கேட்டது அவள் ஒருத்திதான்.

"கூறு சரி. கூறு வெக்கறது யாரு?"

"கட்சிக்காரங்கதான். யாரு எம்.பி. ஆகறதுன்னு ஒரு பட்டியல் போடுவாங்களாம்."

"நீ நல்ல கத்திரிக்காவ மேல வெச்சு, ஓட்டையானத அடியில தள்ளுவ. நான் பார்க்காததா? அவன் மட்டும் நல்லவனையா பொறுக்கி வெப்பான்?"

எனக்கு முகம் சூடானது. நான் அப்படி வைப்பது உண்மைதான்.

"அதுவும் இல்லாம, நான் போட்டவன் ரெண்டு வாட்டி ஜெயிச்சான். எனக்கு இன்னா கெடச்சுது? இந்தச் சாக்கடைதான்."

தோற்றவர்களுக்குத்தான் வருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தவளும் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் தெரிந்தவள் போல ஏதாவது சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரியல. ஆனா கூறுல ஒரு ஓட்டக் கத்திரிக்கா இருந்தாலும் அது கத்திரிக்காதானே. இப்ப கூறே இல்ல, வெறும் தக்காளிதான்" என்றேன். நான் நினைத்ததில் அதுதான் மிச்சம்.

அவள் சிரித்துவிட்டாள். "நல்லாத்தான் பேசுற. அளவுக்கு ஏத்த மாதிரி எல்லாருக்கும்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நாலு சாக்கு விரிச்சு நெழல்ல உக்காந்திருக்க. எனக்கு ஒரு கூடை வெக்கிற அளவு எடம் போதும். குடுப்பியா?"

நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்து என் நாலு சாக்கையும் பார்த்தேன். ஒன்றில் உருளைக்கிழங்கு. அதற்குப் பக்கத்தில் கீரைத் தண்ணீர் சொட்டினால் கிழங்கு அழுகிவிடும். அவளுக்கு வருகிற கூட்டம் என் கூறை மிதிக்கும். குத்தகைக்காரர் என்ன சொல்வார். எல்லாம் யோசித்தேன். அந்த இடமே எனக்கு எப்படி வந்தது என்பதும் கூடவே வந்து நின்றது.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஒரு சாக்கை மடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அவள் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல், தயாராக இருந்தவள் போலக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

டீச்சர் வந்தபோது தாளைக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. பாதிக்கு மேல் அடித்தல். புதுத் தாளில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எஞ்சியதை விரலால் தொட்டு எண்ணிவிட்டு, "பதினொண்ணு" என்றார். வருத்தமா சந்தோஷமா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கீரைக்காரி எட்டிப் பார்த்தாள். அவள் பேரை நான் அடிக்கவில்லை, அவளும் அடிக்கச் சொல்லவில்லை. எதற்காக அதை வைத்திருக்கிறாள் என்று இன்றுவரை கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்:

"ஆமா, எல்லாரையும் போட வெச்சியே. உன் கையெழுத்து எங்க?"

டீச்சரும் என்னைப் பார்த்தார். நான் போடவே இல்லை. மறந்துபோய் அல்ல. என் கை பட்டால் இதுவும் தோற்றுவிடும் என்ற பயத்தில்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அதை வெளியே சொல்ல வெட்கம். டீச்சர் பேனாவை நீட்டினார். மேலே வெங்காயக்காரர் அடித்த முதல் கோட்டுக்குப் பக்கத்தில் நிறைய வெள்ளை இருந்தது. அங்கே போட மனம் வரவில்லை. விளிம்பில் எழுதியிருந்த இரண்டு பேருக்கும் கீழே, தாள் முடிகிற இடத்தில், பேரைச் சின்னதாக எழுதினேன். எழுதியதும் சரியாக எழுதினேனா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

"கடைசியில போய்ப் போட்டுருக்குது பாரு டீச்சர்" என்றாள் கீரைக்காரி. "இந்த வாட்டி சாக்கடை இதுக்குத்தான்."

மனு போய்ச் சேர்ந்ததா என்று டீச்சருக்கும் தெரியவில்லை. மார்க்கெட்டும் இன்னும் மாறவில்லை. கீரைத் தண்ணீர் மட்டும் தினமும் என் உருளைக்கிழங்குப் பக்கம் வருகிறது. நடுவில் ஒரு செங்கல்லை வைத்திருக்கிறேன். அவள் அதைக் காலால் என் பக்கம் தள்ளுகிறாள். நான் அவள் பார்க்காத நேரத்தில் அவள் பக்கம் தள்ளுகிறேன்.